தண்ணீர் பலூன் சண்டை: நனைக்கலாம், அடிக்கக் கூடாது!

அமெரிக்காவில் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்கள் கோடைகாலம். பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை. வெயில் கொளுத்தும்.

அப்போது வீட்டின் பின்புறத்துப் புல்தரையில் ஒரு "யுத்தம்" நடக்கும். அண்ணன் ஓர் அணி; தங்கை எதிர் அணி. சில வீடுகளில் அப்பா, அம்மா, தாத்தாகூடக் களத்தில் இறங்கிவிடுவார்கள்! ஆயுதம் என்ன தெரியுமா? தண்ணீர் நிரப்பிய பலூன்!

2011-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு சண்டை நடந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் 8 ஆயிரத்து 957 பேர்! பலூன்களோ 1 லட்சத்து 75 ஆயிரத்துக்கு மேல்! அதை உலக சாதனை என்று கின்னஸ் நிறுவனம் அறிவித்தது.

விஞ்ஞானி செய்த பலூன்

ரப்பர் பலூன் முதலில் விளையாட்டுக்காகப் பிறந்தது அல்ல. 1824-ம் ஆண்டில் லண்டனில், மைக்கேல் பாரடே என்ற விஞ்ஞானி அதைச் செய்தார். வாயுக்களை அடைத்துவைத்து ஆராய அவருக்கு ஒரு பை தேவைப்பட்டது. இரண்டு ரப்பர் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தார். ஓரங்களை அழுத்தி ஒட்டினார். உள்பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாவு தூவினார். பலூன் தயார்!

8 குழந்தைகளின் தந்தை

தண்ணீர் பலூன் விளையாட்டில் பெரிய தொல்லை, பலூனை நிரப்புவதுதான். ஒவ்வொன்றாகக் குழாயில் மாட்டி, நிரப்பி, முடிச்சுப் போட வேண்டும். நிரப்ப வெகு நேரம். உடைக்க ஒரு நொடி!

டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜோஷ் மலோன் என்பவருக்கு 8 குழந்தைகள். இந்தத் தொல்லைக்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். 2014-ம் ஆண்டில் அதைப் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்தார்.

மெல்லிய குழல்கள் பல, ஒரு கொத்தாகச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு குழலின் நுனியிலும் ஒரு பலூன். பலூனின் கழுத்தில் சின்ன ரப்பர் வளையம். கொத்தைக் குழாயில் மாட்டித் தண்ணீரைத் திறந்தால், எல்லாப் பலூன்களும் ஒரே நேரத்தில் நிரம்பும். ஓர் உலுக்கு உலுக்கினால் கீழே விழும். வளையம் தானாகக் கழுத்தை இறுக்கிக்கொள்ளும். முடிச்சே வேண்டாம்! ஒரு நிமிடத்தில் 100 பலூன்களை நிரப்பிவிடலாம்.

எது உடையும்?

ரப்பர் நன்றாக இழுபட்டு, விறைப்பாக இருந்தால்தான் பலூன் பட்டதும் உடையும். அரைகுறையாக நிரப்பிய பலூன் தொளதொளவென்று இருக்கும். அது உடம்பில் மோதித் துள்ளி விழும். ஆள் நனைய மாட்டார், வலிதான் மிச்சம்!

ஆகவே, சிறிய பலூனாகப் பார்த்து வாங்கி விறைப்பாக நிரப்ப வேண்டும். முடிச்சுப் போடக் கழுத்தில் கொஞ்சம் இடம் விட வேண்டும். நிரப்பிய பலூன்களைத் தண்ணீர் உள்ள தொட்டியில் போட்டுவைத்தால், ஒன்றோடொன்று உரசி உடையாது.

கிரிக்கெட் பந்தைவிடக் கனம்!

"பலூன்தானே!" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. 8 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள பலூனில் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். அதன் எடை கால் கிலோவுக்கு மேல். கிரிக்கெட் பந்தின் எடையோ சுமார் 160 கிராம்தான்!

அது வேகமாக வந்து முகத்தில் பட்டால் கண்ணுக்கு ஆபத்து. அமெரிக்காவில் சிலர் பெரிய ரப்பர் கவணில் வைத்துப் பலூனை எய்வது உண்டு. அது பட்டுப் பார்வை பாதிக்கப்பட்டவர்களுக்கு டாக்டர்கள் சிகிச்சை அளித்திருக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இந்த ஆபத்து உண்டு. ஹோலிப் பண்டிகையின்போது தண்ணீர் பலூன் வீசுவார்கள். மும்பையில் ஓடும் ரயில்மீது வீசப்பட்ட பலூன்கள் பயணிகளைக் காயப்படுத்தியிருக்கின்றன. ரயிலின் வேகமும் சேர்ந்துகொள்வதால் அடி பலமாக விழுகிறது.

எப்படி எறிவது?

கையைத் தாழ்த்தி, கீழிருந்து மெதுவாக வீச வேண்டும். இடுப்புக்குக் கீழேதான் குறி வைக்க வேண்டும். எதிரியின் காலடியில் போட்டாலே போதும். பலூன் தரையில் உடைந்து தண்ணீர் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவரும் சேர்ந்து நனைவார்!

சண்டை வேண்டாம் என்பவர்களுக்குப் பிடி விளையாட்டு இருக்கிறது. இருவர் எதிரெதிரே நின்று ஒரு பலூனை மாறி மாறி எறிந்து பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓர் அடி பின்னால் போக வேண்டும். கையை விறைப்பாக வைத்துப் பிடித்தால் பலூன் உடைந்துவிடும். அது வரும் போக்கிலேயே கையைப் பின்னால் இழுத்துப் பிடித்தால் தப்பிக்கும். கடைசிவரை பலூனைக் காப்பாற்றும் ஜோடிக்கே வெற்றி.

துண்டுகள் ஜாக்கிரதை!

ஆட்டம் முடிந்ததும் தரையெங்கும் ரப்பர் துண்டுகள் கிடக்கும். கைக்குழந்தை எடுத்து வாயில் போட்டால் தொண்டையை அடைத்துக்கொள்ளும். உயிருக்கே ஆபத்து! 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சு அடைக்கும் அபாயம் உண்டு என்று பலூன் பொட்டலத்தில் அச்சிட்டே தீரவேண்டும். இது அமெரிக்காவில் சட்டம்.

துண்டு பொறுக்குவதையும் ஒரு போட்டியாக வைத்துவிடலாம். அதிகத் துண்டுகள் கொண்டுவருபவருக்கு ஓர் ஐஸ்கிரீம் பரிசு! சிறிது நேரத்தில் தரை சுத்தமாகிவிடும். மறுபடி விளையாட அம்மாவின் அனுமதியும் சுலபமாகக் கிடைக்கும்!