வெள்ளை மதுவும் வஞ்சிர மீனும்

பிழைப்பைத் தேடி அந்தமானுக்குக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. என் அண்ணன் ஹேவ்லாக் தீவில் (2018 முதல் அதன் பெயர் ஸ்வராஜ் தீவு) ஓர் உணவு விடுதியில் பரிமாறுபவராக இருந்தார். ஒரு நாள் விருந்தினர் ஒருவர் பட்டியலிலிருந்த இத்தாலிய வெள்ளை ஒயினைக் காட்டி, "இதற்கு எந்த மீன் பொருந்தும்?" என்று கேட்டாராம். அண்ணன் விழித்தார். அன்று மாலையே முதலாளி அவரைச் சமையற்கட்டுக்கு மாற்றிவிட்டார். "தம்பி, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிறாய்? இதற்கெல்லாம் காரணம் உண்டா, இல்லை வெறும் பகட்டா?" என்று என்னைக் கேட்டார் அண்ணன்.

நண்பர்களே, நான் மது அருந்துபவன் அல்லன். ஆயினும் கேள்வி நல்ல கேள்வி.

இத்தாலிய மது நமக்குப் புதிய சரக்கும் அன்று. 1945-இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளின் மதுச்சாடிகள் ஓடு ஓடாக வெளிப்பட்டன. கிரேக்கத் தீவான கோஸின் சாடிகளோடு, இத்தாலியின் காம்பானியாச் சாடிகளும் அவற்றில் உண்டு என்று பின்னர் ஆய்ந்தோர் கண்டனர். புறநானூற்றின் 56-ஆம் பாட்டிலும் நக்கீரர் யவனர் கொணர்ந்த தேறலைப் பாடுகிறார். அந்தக் காம்பானியாவின் வடபகுதியில்தான் உரோமர் கொண்டாடிய ஃபலேர்னிய மது விளைந்தது. அது வெள்ளை மது. ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, நிறம் பழுத்த பின் நீர் கலந்து குடித்தனர். இன்று அதே மலைச்சாரலில் ஃபலங்கீனா என்னும் திராட்சையிலிருந்து வெள்ளை ஃபலேர்னோ வடிக்கின்றனர். நல்ல புளிப்புடையது அது. அந்தப் புளிப்பில்தான் அண்ணனுக்கு விடை இருக்கிறது.

கடல்மீன் இறந்தபின் அதன் உடலிலுள்ள ஒரு பொருளை நுண்ணுயிர்கள் டிரைமெதில் அமீன் என்னும் காரப்பொருளாக மாற்றுகின்றன. மீன் கடையில் நம் மூக்கைப் பொத்தச் செய்வது அதுவே. காரம் அமிலத்தோடு சேர்ந்தால் உப்பாகும்; உப்பு எளிதில் ஆவியாகாது; ஆவியாகாதது மூக்கை எட்டாது. மீனுக்கு எலுமிச்சை பிழிவதன் பயனும் புளி கரைப்பதன் பயனும் இஃதே. இதில் எனக்கு வியப்பளித்தது ஒன்று. திராட்சையின் தலையாய அமிலம் டார்டாரிக் அமிலம். நம் புளியின் அமிலமும் அதே டார்டாரிக் அமிலந்தான்! இத்தாலியன் கோப்பையில் ஊற்றுவதை நம் பாட்டி சட்டியிலேயே கரைத்துவிட்டாள்.

சிவப்பு மது மீனுக்கு ஏன் ஆகாது? அதன் துவர்ப்பு ஒரு காரணம். மற்றொன்றை 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர் காட்டினர்: மதுவிலுள்ள இரும்பு, கடலுணவின் கொழுப்போடு வினைபுரிந்து வாயில் கவிச்சி வாடையை எழுப்புகிறது. அந்த இரும்பு சிவப்பு மதுவில் பெரும்பாலும் மிகுதி.

ஆகவே அண்ணனுக்கு இவ்வாறு எழுதினேன். உப்பும் மிளகும் தடவித் தணலில் சுட்ட வஞ்சிரமோ சங்கராவோ தாராளமாகச் சொல்லலாம். பொரித்த கணவாயும் நன்று. எண்ணெய்ப் பசையைப் புளிப்பு கழுவிவிடும். இறாலும் ஆளியும் பொருந்தும். தேங்காய்ப்பாலில் மிளகாய் குறைத்துச் சமைத்த மீனும் பொருந்தும். மிளகாய் தூக்கலான வறுவல் வேண்டா. மதுவிலுள்ள ஆல்கஹால் நாவின் எரிவைக் கூட்டும். புளிக்குழம்போ அறவே வேண்டா. அதன் புளிப்புக்கு முன் மது வெறும் தண்ணீராகத் தோன்றும். பத்துப் பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்வித்துக் கொடுக்க வேண்டும். தீவின் புழுக்கத்தில் மேசைமேல் வைத்துவிட்டு மறந்தால் சுவை மங்கிவிடும்.

மறுநாள் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். "எல்லாம் சரி தம்பி, மீன்குழம்பே வேண்டும் என்பவருக்கு என்ன சொல்வது?"

"சோறு போடுங்கள், அண்ணே!" என்றேன்.

அவரை இன்னும் மேசைப் பக்கம் விடவில்லை. ஆனால் பரிமாறுகிறவர்கள் இப்போது சமையற்கட்டுக்குள் வந்து அவரைக் கேட்டுக்கொண்டு போகிறார்களாம்.