படிக்கப் போன நாட்டில் ஒரு குடும்பம்

இங்கிலாந்துக்குப் படிக்கச் செல்லும் வெளிநாட்டு மாணவர், அந்நாட்டுக் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறையைப் பெற்று, அக்குடும்பத்தாரோடு ஒரே மேசையில் உண்டு, அதற்கென வாரந்தோறும் கட்டணம் செலுத்தி வாழும் ஏற்பாட்டுக்கு ஹோம்ஸ்டே என்று பெயர். பிரைட்டன், போர்ன்மத், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற ஊர்களில் இயங்கும் ஆங்கில மொழிப் பள்ளிகள் தம் மாணவர்களுக்கு இத்தகைய வீடுகளைத் தாமே தேர்ந்து அமர்த்தித் தருகின்றன. காலை உணவும் இரவு உணவும் பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கிவிடும்; மதிய உணவை மாணவர் வெளியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1878-இல் பதினேழு வயதில் இங்கிலாந்து சென்று, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பயின்ற இரவீந்திரநாத் தாகூர், ஸ்காட் என்னும் மருத்துவரின் குடும்பத்தில் தங்கியிருந்ததையும், அவ்வீட்டுத் தலைவி தம்மை மகனைப் போல நடத்தியதையும் தம் நினைவுக் குறிப்புகளில் நெகிழ்ச்சியோடு பதிவு செய்திருக்கிறார். 1888-இல் சட்டம் படிக்கச் சென்ற காந்தி, ஒரு கைம்பெண்ணின் வீட்டில் குடியிருந்தபோது, புலால் உண்பதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காகப் பல வேளை அரைவயிற்றோடு எழ நேர்ந்தது. அவ்வீட்டுப் பெண்கள் இருவரும் கூடுதலாக ரொட்டித் துண்டுகளை எடுத்துக்கொள்ளும்படி வற்புறுத்திய போதிலும், மேலும் கேட்க அவருடைய கூச்சம் இடம் தரவில்லை. 1914 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் சேர்ந்த கணித மேதை இராமானுஜன், டிரினிட்டி கல்லூரி விடுதிக்குக் குடிபெயருமுன், செஸ்டர்ட்டன் சாலையில் இருந்த கணித அறிஞர் நெவிலின் இல்லத்தில்தான் முதல் வாரங்களைக் கழித்தார்.

அந்நாளில் தனிமனிதர்களின் நற்குணத்தை மட்டுமே நம்பியிருந்த இவ்வுறவு, இன்று விதிகளுக்கு உட்பட்டிருக்கிறது. மொழிப் பள்ளிகளுக்குத் தரச்சான்று வழங்கும் பிரிட்டிஷ் கவுன்சில் திட்டத்தின்படி, மாணவரை அனுப்புவதற்கு முன்பே பள்ளியின் சார்பில் ஒருவர் வீட்டை நேரில் பார்த்திருக்க வேண்டும். ஒரே வேளையில் நான்கு மாணவர்களுக்கு மேல் தங்கவைக்கக் கூடாது. மாணவர்களே விரும்பிக் கேட்டாலன்றி, ஒரே தாய்மொழி பேசும் இருவரை ஒரே வீட்டில் அமர்த்தவும் கூடாது. பதினாறு வயது நிரம்பாத பிள்ளை, நெருங்கிய உறவினர் அல்லாதவர் வீட்டில் 28 நாட்களோ அதற்கு மேலோ தங்குவதாக இருந்தால், அதை உள்ளாட்சி மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே கூறுகிறது. குடும்பங்களின் பக்கத்திலும் ஒரு பொருளாதாரக் காரணம் உண்டு; தாம் குடியிருக்கும் வீட்டின் அறையை வாடகைக்கு விடுவோர் ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை ஈட்டும் வருவாய்க்கு அரசு வரிவிலக்கு அளிப்பதால், பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய வீடுகளில் காலியாகிவிட்ட அறைகள் மாணவர்களுக்குப் பயன்படுகின்றன.

ஆனால் எந்த விதிநூலிலும் எழுதப்படாத அன்றாடச் செய்திகளில்தான் மனத்தாங்கல்கள் பிறக்கின்றன. இங்கிலாந்து வீடுகளின் குளியலறைத் தரையில் பெரும்பாலும் தண்ணீர் வடிவதற்கு வழி இராது. நம் ஊர் வழக்கப்படி தொட்டிக்கு வெளியே நின்று வாளியிலிருந்து மொண்டு ஊற்றிக் குளித்தால், நீர் மரப்பலகைத் தரையில் இறங்கிக் கீழ்த்தளத்துக் கூரையை நனைத்துவிடும். எரிபொருள் செலவு மிகுதி என்பதால் வீட்டை வெப்பப்படுத்தும் கருவியை இரவில் அணைத்துவைப்பதும், நீண்ட நேரம் வெந்நீரில் குளிப்பதை விரும்பாததும் அங்கே இயல்பானவை. அவை மாணவர்மீது காட்டும் கடுமையல்ல. இரவு உணவு பல வீடுகளில் மாலை ஆறு, ஏழு மணிக்கே பரிமாறப்படுவதால், வரத் தாமதமாகும் நாளில் முன்கூட்டியே சொல்லிவிடுவது அடிப்படை நாகரிகமாகக் கருதப்படுகிறது. சைவ உணவு என்றால் முட்டையும் பால்பொருளும் அதில் அடங்கும் என்பது அந்நாட்டாரின் பொதுவான புரிதல். ஆகவே முட்டை உண்ணாதவர்கள் அதை விண்ணப்பப் படிவத்திலேயே தனியாகக் குறிப்பிட்டுவிட வேண்டும்.

வகுப்பறை இலக்கணத்தைக் கற்பிக்கிறது; ஆனால் மறுப்பதைக் கனிவாகச் சொல்வது எப்படி, உதவியைக் கூச்சமின்றிக் கேட்பது எப்படி என்பவற்றை உணவு மேசைதான் கற்பிக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் ஊரோடு மட்டுமே பேசும் மாணவருக்கு, செலுத்திய கட்டணத்துக்கு ஓர் அறை கிடைக்குமேயன்றி அதற்குமேல் எதுவும் கிடைக்காது.

இது பணம் கொடுத்துப் பெறும் தங்கல் என்பதால் முறையான வசதிகளைக் கேட்கும் உரிமை மாணவருக்கு உண்டு; பிறருடைய இல்லம் என்பதால் அதன் ஒழுங்கை மதிக்கும் கடமையும் உண்டு. உணவு போதவில்லை, அறை குளிர்கிறது, நடத்தை சரியில்லை என்ற நிலை வந்தால், முதலில் வீட்டாரிடமும், தீராவிட்டால் பள்ளியின் தங்குமிட அலுவலரிடமும் தயங்காமல் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் வேறு வீட்டுக்கு மாற்றித் தருமாறு கேட்கலாம். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், பெட்டியில் ஊறுகாயும் பொடியும் வைப்பதோடு நில்லாமல், வேண்டியதை வாய்திறந்து கேட்கும் துணிவையும் பழக்கி அனுப்புவது நல்லது.