கோரைக்குள் ஒரு குங்குமச் சிமிழ்

தில்லியும் நொய்டாவும் முட்டிக்கொள்ளும் இடத்தில், ஓக்லா அணைக்கட்டை ஒட்டிய யமுனைக் கரையில், மழைக்காலம் வந்தால் நாணலும் சம்பங்கோரையும் ஆள் உயரத்துக்கு எழும்பிவிடுகின்றன. தண்டின் நுனியில் சிவப்பாக ஏதோ ஆடும். பழம் என்று நினைத்தால் பறந்துவிடும்.

இதுதான் லால் முனியா. தமிழில் சிவப்புச் சில்லை. அலகு முதல் வால் வரை அளந்தாலும் 10 செ.மீ.தான். 'அவடவாட்' என்ற இதன் ஆங்கிலப் பெயர் அகமதாபாத்தின் திரிபு. ஒரு காலத்தில் அந்த நகரத்துச் சந்தையிலிருந்துதான் இவை கூண்டுகூண்டாக அயல்நாடுகளுக்குப் போயின. 1758இல் லின்னேயஸ் சூட்டிய அறிவியல் பெயரிலும் அதே ஊர்தான் ஒளிந்திருக்கிறது. பிறந்த மண்ணை விட்டுவிட்டு விற்ற சந்தையின் பெயரைப் பறவைக்கு வைத்த விசித்திரம்!

இனப்பெருக்க காலத்தில் ஆணை அடையாளம் காண்பது சுலபம். ரத்தச் சிவப்பு உடல், அதில் தூவிய வெண்புள்ளிகள், கறுத்த வால். சிக்கல் பிறகுதான். பருவம் முடிந்ததும் ஆண் தன் பட்டாடையைக் களைந்துவிட்டு, பெண்ணைப் போலவே மங்கிய பழுப்புக்கு மாறிவிடுகிறது. மே மாதத்தில் சிவக்கத் தொடங்கும் அலகுகூடப் பருவத்துக்கு ஏற்ப நிறம் மாறிவிடும். எனவே அலகை நம்பாதீர்கள். வாலின் அடியில், முதுகு முடியும் இடத்தில் உள்ள சிவப்பையும் இறக்கையின் வெண்புள்ளிகளையும் தேடுங்கள். குஞ்சுகளுக்கு அந்தச் சிவப்பும் இருக்காது.

புல் விதைதான் பிரதான உணவு. எனவே தண்ணீரை விட, தண்ணீர் ஓரத்துப் புல்தான் இதற்கு வாழ்வாதாரம். கரும்புத் தோட்டங்களிலும் தென்படும். புல்லையே பந்தாகச் சுருட்டிக் கூடு கட்டும்.

இந்தியப் பறவைகளின் வர்த்தகத்தை 1991ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடை செய்தது. வலை விரிப்பவர்கள் அதனால் அடியோடு மறைந்துவிடவில்லை. ஆனால் வலையை விடப் பெரிய ஆபத்து, நல்ல எண்ணத்தோடு வரும் மண்வாரி இயந்திரம். ஏரியை 'அழகுபடுத்த' கிளம்புபவர்களுக்குக் கரையோரக் கோரை வெறும் குப்பை. அதை வழித்தெடுத்து, நடைபாதை போட்டு, ஆழமாகத் தண்ணீர் நிறுத்தினால் வாத்து வரலாம். சில்லைக்கு விதையும் இல்லை, கூடு கட்டப் புல்லும் இல்லை.

இதன் நெருங்கிய உறவான பச்சை முனியாவின் கதை இன்னும் மோசம். இந்தியாவைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத அந்தப் பறவை, ராஜஸ்தானின் மவுண்ட் அபு போன்ற சில இடங்களில்தான் ஓரளவு நிச்சயமாகக் கண்ணில் படுகிறது. உலக அளவில் ஆபத்துக்கு உள்ளான இனங்களின் பட்டியலில் அது எப்போதோ ஏறிவிட்டது.