மருந்தேற்றிய மரமும் மக்குவது ஏன்?

பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு

உடல் உரம் மிக்க முதியவர்களை “வைரம் பாய்ந்த கட்டை” என்று பாராட்டுவது நம் வழக்கம். அந்த வைரம் என்பது மரத்தின் நடுப்பகுதி என்பதையோ, அது எல்லா மரத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதையோ நாங்கள் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஒரு பாட்டியின் கால் முறிந்த பிறகுதான் எண்ணத் தொடங்கினோம்.

எங்கள் தோழி ஒருத்தியின் வீடு சிதம்பரத்தில் இருக்கிறது. அவள் பாட்டி மாலையில் காற்று வாங்குவதற்கென்று கொல்லைப்புறத்தில் மரப்பலகையால் ஒரு தளம் போட்டிருந்தார்கள். “மருந்தேற்றிய மரம், மழையும் கரையானும் ஒன்றும் செய்யா” என்று சொல்லி விற்றார்களாம். தாத்தா தம் சேமிப்பிலிருந்து பணம் கொடுத்து வாங்கினார். ஆறே ஆண்டுகள்! சென்ற ஐப்பசி மழையில் ஒரு நாள் பலகை உடைந்து, பாட்டியின் கால் உள்ளே போய்விட்டது. கணுக்கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் கட்டிலில் இருந்தார்கள். “மருந்து பொய்யா, மரம் பொய்யா?” என்று தாத்தா கேட்ட கேள்விக்கு விடை தேடியே நாங்கள் மூவரும் இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மரத்தைத் தின்பது யார்?

மரம் தானாக மக்குவதில்லை. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சைகள் அதைத் தின்கின்றன. அவை வாழ நான்கு பொருள்கள் தேவை: உணவு, காற்று, மிதமான வெப்பம், ஈரம். மரமே உணவு. காற்றும் வெப்பமும் நம் ஊரில் ஆண்டு முழுவதும் உண்டு. ஆகவே நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றே. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளர்வதில்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையில் நனையும் கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் இது எளிய காரியமன்று.

மண்ணில் நட்ட கம்பத்தைப் பாருங்கள். மேற்பகுதி வெயிலில் காய்ந்துவிடும். ஆழத்தில் புதைந்த பகுதிக்குக் காற்று குறைவு. காற்றும் ஈரமும் ஒருங்கே சேரும் இடம் தரைமட்டம். அதனால்தான் கம்பம் எப்போதும் தரையோடு தரையாக இற்று விழுகிறது.

மருந்தேற்றும் முறை

மரத்துக்கு மருந்தேற்றும் கலையில் நம் நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1838-இல் இங்கிலாந்தில் ஜான் பெத்தெல் என்பவர் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் எண்ணெயை அழுத்தத்தின் மூலம் மரத்துக்குள் செலுத்தும் முறையைக் கண்டார். இரயில் பாதைக் கட்டைகள் பல அம்முறையில் காக்கப்பட்டன. பின்னர், 1933-இல், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்ற இந்தியர், செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றும் சேர்ந்த கரைசலைக் கண்டுபிடித்தார். ‘ஆஸ்கு’ என்ற பெயர் பெற்ற அது உலகெங்கும் பரவியது.

மரத்தை ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி மூடி, முதலில் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கிறார்கள். பிறகு கரைசலை நிரப்பி, சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அளவுக்கு அழுத்தம் கொடுக்கிறார்கள். கரைசல் மரத்தின் நுண்குழல்களுக்குள் புகுகிறது. செம்பு பூஞ்சையைக் கொல்கிறது. செம்புக்கு அஞ்சாத பூஞ்சைகளையும் கரையானையும் ஆர்செனிக் தடுக்கிறது. இவ்விரண்டும் மழையில் கரைந்து போகாதவாறு குரோமியம் மரத்தோடு பிணைக்கிறது.

ஆர்செனிக் நஞ்சல்லவா? அதனால் அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு இம்மருந்தை ஏற்றுவது 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. ஆர்செனிக் இல்லாத செம்பு மருந்துகள் அதன் இடத்தைப் பிடித்தன.

பலகையில் நாங்கள் கண்டது

உடைந்த பலகையை அறுத்துப் பார்த்தோம். ஓரத்தில் மட்டும் விரற்கடை அளவுக்குப் பச்சை நிறம். நடுவில் மருந்தின் சுவடே இல்லை! மரத்தின் வெளிப்பகுதியாகிய வெள்ளை மருந்தை நன்கு குடிக்கும், வைரம் குடிக்காது. தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே பூஞ்சையைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் கவலையில்லை. மலிவான மரங்கள் பலவற்றின் வைரமோ மருந்தையும் ஏற்காது, தன்னையும் காத்துக்கொள்ளாது.

அப்படியானால் மருந்து ஒரு சட்டை போன்றது. சட்டை கிழிந்த இடத்தில் ஈரம் நுழையும். தச்சர் அளவுக்கு அறுத்த முனைகள், ஆணி இறங்கிய துளைகள், வெயிலில் வெடித்த பிளவுகள் ஆகிய இடங்களில்தான் பலகை உளுத்து, பழுப்பு நிறத்தில் கட்டங்கட்டமாக உதிர்ந்தது. முனைகளில் குழல்கள் திறந்திருப்பதால் அவை பக்கங்களைவிட மிக விரைவாக நீரை உறிஞ்சுகின்றன. போதாக்குறைக்குப் பலகைகளை இடைவெளியின்றி நெருக்கி அடித்திருந்தார்கள். வேப்பிலைச் சருகுகள் மூலைகளில் தேங்கி ஊறிக் கிடந்தன. பூந்தொட்டிகள் ஒரே இடத்தில் இருந்தன. செம்பு மருந்து ஈரத்தில் இரும்பை அரிக்கும் தன்மையுடையது; எனவே சாதாரண ஆணிகள் துருப்பிடித்துத் துளைகளைப் பெரிதாக்கியிருந்தன.

படகு கட்டுபவர் சொன்னது

கடலூர் முதுநகரில் மரப்படகு கட்டும் பெரியவர் ஒருவரிடம் அந்தப் பலகைத் துண்டைக் காட்டினோம். திருப்பிப் பார்த்துவிட்டு, “பாப்பா, மரம் நனையறதால கெடாதும்மா. நனைஞ்சது காயாததாலதான் கெடும்” என்றார். நாங்கள் பல புத்தகங்களில் தேடிய விடையை ஒரு வரியில் சொல்லிவிட்டார்!

படகுகளைக் கரையேற்றிக் காய வைத்து, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசும் பழைய வழக்கத்தையும் அவர் விளக்கினார். பண்ருட்டிப் பக்கம் விளையும் முந்திரியின் ஓட்டிலிருந்து வரும் இவ்வெண்ணெய் நீரையும் பூச்சிகளையும் தடுக்கும். தோலில் பட்டால் கொப்புளம் எழும்பும். கடலில் பூஞ்சையைவிடக் கப்பல் புழு கொடியது. புழு என்று பெயரே தவிர, அது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். மரத்தைத் துளைத்து உள்ளேயே வாழும். கோயில் தேர்களைத் திருவிழா முடிந்ததும் கொட்டகையில் மூடி வைப்பதும், மூங்கிலைக் குளத்தில் ஊறவைத்து அதன் மாவுச்சத்தைக் களைவதும் நம் முன்னோர் அறிந்த மரப்பாதுகாப்பே.

நாம் செய்ய வேண்டியவை

1. மரக்கால்களை மண்ணில் புதைக்காமல், கருங்கல் அல்லது சிமெண்டுப் பீடத்தின் மேல் நிறுத்த வேண்டும்.

2. பலகைகளுக்கிடையே சிறிது இடைவெளி விட வேண்டும். தளத்தின் அடியிலும் காற்று நடமாட வேண்டும்.

3. அறுத்த முனைகளிலும் துளைகளிலும் மரப்பாதுகாப்பு மருந்தைத் தூரிகையால் மீண்டும் பூச வேண்டும்.

4. துத்தநாகப் பூச்சுள்ள அல்லது எவர்சில்வர் ஆணிகளையும் திருகாணிகளையும் பயன்படுத்த வேண்டும்.

5. சருகுகளைக் கூட்டித் தள்ள வேண்டும். பூந்தொட்டிகளை இடம் மாற்ற வேண்டும்.

6. ஆண்டுதோறும் மழைக்கு முன்னும் பின்னும் கூரிய கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். கம்பி எளிதில் இறங்கினால் அந்தப் பலகையை உடனே மாற்ற வேண்டும்.

7. மருந்தேற்றிய மரத்துண்டுகளை அடுப்பில் எரிக்கவே கூடாது. புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும்.

தோழியரே! தாத்தாவின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம்: மருந்தும் பொய்யன்று, மரமும் பொய்யன்று. மருந்து போட்டாயிற்று என்று கவனிப்பை விட்டதே பிழை. மரம் மட்டுமா அப்படி? நல்ல பழக்கத்தையும் ஒரு முறை கற்றுக்கொண்டால் போதாது; நாள்தோறும் பேண வேண்டும் அன்றோ!

சித்திரையில் பழைய தளத்தைப் பிரித்துப் புதிதாகப் போட்டார்கள். முனைகளுக்கு மருந்து பூசியவர்கள், கையுறை அணிந்த நாங்கள் மூவரே. பாட்டி இன்று மாலையில் மீண்டும் அங்கே அமர்கிறார்கள். உட்காருமுன் கைத்தடியால் பலகையை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கவும் தவறுவதில்லை.