தஞ்சை நால்வர்: அரசவையை நம்பி வாழ்ந்த இசைக்கலைஞர்கள்

சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நான்கு சகோதரர்களைத் தஞ்சை நால்வர் என்பர். 1802க்கும் 1810க்கும் இடையில் பிறந்த இவர்கள், வியன்னாவில் பீத்தோவனும் சூபர்ட்டும் இசையமைத்த காலத்தில் தஞ்சையில் இசையைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். கோலாலம்பூரில் பரதம் பயிலும் பிள்ளைகள் இன்று அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிப்பது இவர்கள் வகுத்த வரிசைப்படியே.

நடனம் பயிற்றுவிக்கும் நட்டுவனார் குடும்பத்தில் பிறந்த நால்வரும் முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்று, இரண்டாம் சரபோஜி மன்னரின் அவையில் இடம்பெற்றனர். பாட்டு இயற்றுவது, ஆடுவோரைப் பழக்குவது, நிகழ்ச்சியில் கைத்தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துவது என எல்லாம் அவர்கள் பொறுப்பு. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்னும் வரிசை இந்த உழைப்பில் உருவானது. தூய ஆட்டமான நிருத்தமும் பொருளை உணர்த்தும் அபிநயமும் மாறி மாறி வரும் வர்ணமே அதில் நீளமானது, கடினமானதும்கூட.

பிழைப்போ மன்னரின் ஆதரவைச் சார்ந்திருந்தது. தஞ்சை அரசவையோடு மனவேறுபாடு வந்தபோது, திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் மகாராஜா இவர்களை ஆதரித்தார். கர்நாடக இசைக்கு அப்போது புதிதாக இருந்த வயலினில் வடிவேலு பெற்ற தேர்ச்சியைப் பாராட்டி, 1834இல் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார். சின்னையா பின்னர் மைசூர் அரசவைக்குச் சென்றார்.

ஐரோப்பாவிலும் புரவலர் துணை தேவைப்பட்டது. பீத்தோவன் வியன்னாவை விட்டுப் போகாதிருக்க, 1809இல் பிரபுக்கள் மூவர் ஆண்டுக்கு 4,000 புளோரின் தர ஒப்புக்கொண்டனர். ஆனால் அங்கே அச்சிட்ட இசைப் பிரதிகளும் கச்சேரி டிக்கெட்டுகளும் கலைஞருக்கு வேறு வருமானம் தந்தன. தஞ்சையில் அந்த வழி இல்லை. 1855இல் தஞ்சை அரசுரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி முடிவுக்குக் கொண்டுவந்ததும் அரசவை ஆதரவு அற்றுப்போனது.

அதன்பின் கலையைக் காத்தவை நட்டுவனார் குடும்பங்களே. நால்வரின் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி பயின்றார். 1936இல் கலாக்ஷேத்ரா என்னும் கலைப்பள்ளியைத் தொடங்கினார். மலேசியாவில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் நிறுவிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், பிரிக்பீல்ட்ஸில் நடனமும் இசையும் கற்றுத் தருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று ஆசிரியருக்கும் பக்கவாத்தியக் கலைஞருக்கும் வருமானம் தருபவை பயிற்சி வகுப்புகள், கோயில் திருவிழாக்கள், அரங்கேற்றங்கள். மன்னர் தந்த ஆதரவைப் பெற்றோரும் ரசிகர்களும் பகிர்ந்து ஏற்றிருக்கிறார்கள்.