ஊரைச் சுற்றி ஒரு சாலை

பீர்மேடு மலைப்பகுதியில் பெரியாற்றங்கரையில் அமைந்துள்ள வண்டிப்பெரியார், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த சிறு நகரம். கொல்லத்தையும் திண்டுக்கல்லையும் இணைக்கும் 183-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே இவ்வூரின் கடைத்தெருவாகவும் விளங்குகிறது. தோட்டத் தொழிலாளர் அரிசி, பருப்பு வாங்குவதும், பள்ளிச் சிறுவர் சாலையைக் கடப்பதும், தேயிலை லாரிகள் செல்வதும் இதே சாலையில்தான். சபரிமலைப் பருவத்தில் குமுளி வழியே வரும் ஊர்திகளும் சேர்ந்துகொண்டால் நெரிசலைச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் வேலையில்லாத வண்டி ஊருக்குள் ஏன் வரவேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. பெருநகரங்களைச் சுற்றி அமைக்கப்படும் வட்டச் சாலைகளின் பொருளாதார அடிப்படையும் இக்கேள்வியே ஆகும்.

வட்டச் சாலையின் பணி

இங்கிருந்து எண்ணூர் துறைமுகத்திற்குச் செல்லும் ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். தேனி, திண்டுக்கல், திருச்சி, விழுப்புரம் வழியாக அது வண்டலூரை அடைகிறது. அதற்குச் சென்னை நகருக்குள் எந்த வேலையும் இல்லை. ஆயினும் மாற்று வழி இல்லையெனில் நகரத்தினூடேதான் சென்றாக வேண்டும். வீணாகும் டீசலும் ஓட்டுநரின் நேரமும் சரக்கின் விலையில் ஏறுகின்றன. புகையும் விபத்தும் காலதாமதமும் நகர மக்களின் தலையில் விழுகின்றன. நகரிலிருந்து வெளியே பிரியும் நெடுஞ்சாலைகளை ஒன்றோடொன்று இணைத்து, இந்த இரட்டைச் செலவைத் தவிர்ப்பதே வட்டச் சாலையின் பணி. தில்லியைச் சுற்றி 2018-இல் திறக்கப்பட்ட கிழக்கு, மேற்குப் புறநகர் விரைவுச்சாலைகளும் இந்நோக்கத்தில் எழுந்தவையே.

சென்னை தரும் பாடம்

சென்னையில் இத்தகைய சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாகியுள்ளன. முதலாவது, ஜவஹர்லால் நேரு சாலை எனப்படும் உள்வட்டச் சாலை. அதன் ஓரத்தில் 1996-இல் கோயம்பேடு மொத்த விற்பனைச் சந்தையும், 2002-இல் வெளியூர்ப் பேருந்து நிலையமும் அமைந்தன. 2015-இல் மெட்ரோ ரயிலும் வந்தது. நகரை விலக்கிச் செல்ல அமைந்த சாலை நகரின் நடுத்தெருவாயிற்று.

அடுத்து, தாம்பரத்தையும் புழலையும் இணைக்கும் புறவழிச்சாலை. அதற்கும் அப்பால், வண்டலூர் முதல் மீஞ்சூர் வரை ஏறத்தாழ 62 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலை. இதன் முதற்பகுதி நெமிலிச்சேரி வரை 2014-இலும், எஞ்சிய பகுதி 2021-இலும் திறக்கப்பட்டன. மாமல்லபுரத்தையடுத்த பூஞ்சேரியையும் எண்ணூரையும் இணைக்கும் சுமார் 133 கிலோமீட்டர் எல்லைச் சாலைத் திட்டம் இதற்கும் வெளியே அமைகிறது. இதற்கிடையே, 2023 இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வண்டலூருக்கு அருகிலேயே திறக்கப்பட்டது.

சாலை போட்ட இடத்திற்கு நகரம் வந்து சேர்கிறது என்பதே இவ்வரலாறு கூறும் உண்மை. இலண்டனைச் சுற்றி 1986-இல் நிறைவுற்ற எம்-25 சாலையும், சில ஆண்டுகளிலேயே நெரிசலுக்குள்ளாகி அகலப்படுத்தப்பட்டது. ஆகவே, சாலை அமைப்பது பாதி வேலையே. ஓரத்து நிலத்தின் பயன்பாட்டை முறைப்படுத்துவதும், குறிப்பிட்ட சந்திப்புகளில் மட்டுமே வண்டிகள் ஏற இறங்க அனுமதிப்பதும் மறுபாதியாகும்.

நிலம் தந்தவரும் நீரின் வழியும்

சாலை வந்ததும் அதையொட்டிய மனைகளின் விலை ஏறுகிறது. நிலத்தை இழந்தவருக்கு இழப்பீடும், நிலம் தப்பிய அண்டை வீட்டாருக்கு உழைப்பின்றி ஆதாயமும் கிடைக்கின்றன. 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், ஊர்ப்புறங்களில் சந்தை மதிப்பை இரு மடங்கு வரை உயர்த்திக் கணக்கிட்டு, அதே அளவு ஆறுதல் தொகையையும் சேர்த்து வழங்க வகை செய்கிறது. அந்நிலத்தை நம்பி வாழ்ந்த குத்தகைதாரரும் கூலித் தொழிலாளரும் பாதிக்கப்பட்டோராகவே கருதப்படுகின்றனர். எனினும், பத்திரத்தில் பதிவான விலை குறைவாயின் இழப்பீடும் குறையும். வெளிவட்டச் சாலைக்கு எடுக்கப்பட்ட 122 மீட்டர் அகலத்தில் 50 மீட்டர் பிற்கால வளர்ச்சிக்கென ஒதுக்கப்பட்டது. பொதுப்பணத்தால் விளைந்த மதிப்பு பொதுவுக்கே திரும்ப இது ஒரு வழி. அம்மதிப்பில் ஒரு பங்கு நிலம் தந்த குடும்பங்களையும் சென்றடைதல் வேண்டும்.

செங்கற்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்கள் ஏரிகள் நிறைந்தவை. அங்கே உயர்த்திப் போடப்படும் சாலை ஒரு கரையைப் போன்றது. மதகுகளும் பாலங்களும் போதிய அளவில் இல்லையெனில் நீர் ஊர்களுக்குள் தேங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சென்னைக்குப் பொருந்தும் இவ்விதிகள் வண்டிப்பெரியாருக்கும் பொருந்தும். நாளை இங்கொரு புறவழிச்சாலை அமையுமாயின், அதன் இருமருங்கிலும் கடைகள் எழும் முன்பே விதிகள் எழுதப்பட வேண்டும். இன்றேல், அடுத்த தலைமுறை மற்றொரு புறவழிச்சாலைக்கு நிலம் தேட நேரிடும். மலையில் அதற்கு இடமேது?