கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியும் பதிவேடும்

காரணம் இன்னதெனத் திட்டமாக அறியப்பட்ட புற்றுநோய்கள் மிகச் சிலவே. கருப்பை வாய்ப் புற்றுநோய் அவற்றுள் ஒன்று. மனிதப் பாப்பிலோமா வைரஸின் 16ஆம், 18ஆம் வகைகளை 1983, 1984ஆம் ஆண்டுகளில் ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்டு சுர் ஹவுசனும் அவருடைய குழுவினரும் இந்நோயின் கட்டிகளில் கண்டறிந்தனர். அதன் பொருட்டு அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. நூறு நோயாளிகளில் ஏறத்தாழ எழுபது பேருக்கு இவ்விரு வகைகளே காரணம். 2022ஆம் ஆண்டிற்கான மதிப்பீட்டின்படி இந்தியாவில் சுமார் 1,27,000 பெண்கள் இந்நோய்க்குப் புதிதாக ஆளாயினர். ஏறக்குறைய 80,000 பேர் இறந்தனர்.

இவ்வைரஸ் உடலிற் புகுந்த பெண்களில் பெரும்பாலோரிடம் ஓரிரு ஆண்டுகளில் தானே நீங்கிவிடுகிறது. சிலரிடம் மட்டும் நிலைத்து நின்று, பதினைந்து இருபது ஆண்டுகளில் புற்றாக மாறுகிறது. தடுப்பூசியில் வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே உள்ளது. பெருகும் ஆற்றலுடைய பகுதி இல்லை. ஆதலின் ஊசியால் இந்நோய் வருதற்கு வழியில்லை. ஆனால் முன்னரே புகுந்துவிட்ட வைரஸை அது நீக்காது. 9 முதல் 14 வயதுக்குள் ஊசி போட வேண்டுமென்பது இக்காரணம் பற்றியே. ஊசி போட்டுக்கொண்டவர்களும் முப்பது வயதுக்குமேல் சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும்.

பதினான்கு வயதில் போட்ட ஊசியின் பயன் முப்பத்தைந்து வயதிலேதான் தெரியவரும். அதற்குள் அப்பெண் மணமாகி வேற்றூர் சென்றிருப்பாள். ஊசி போட்ட செவிலியர் ஓய்வு பெற்றிருப்பார். எஞ்சி நிற்பது பதிவேட்டில் எழுதிய ஒரு வரியே.

அவ்வரியின் மதிப்பை 2009ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் இரண்டு நன்கு காட்டுகின்றன. அப்போது ஆந்திரப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்த, இன்று தெலங்கானாவிலுள்ள கம்மம் மாவட்டத்தில், 10 முதல் 14 வயதுடைய சிறுமியர் சுமார் 14,000 பேருக்கு முன்மாதிரித் திட்டமொன்றில் ஊசி போடப்பட்டது. குஜராத்தின் வடோதராவிலும் இத்தகைய பணி நடைபெற்றது. ஈரிடங்களிலும் சேர்த்து ஏழு சிறுமியர் இறந்ததாகச் செய்தி பரவவே, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அம்மரணங்களுக்கும் ஊசிக்கும் தொடர்பிருத்தல் அரிது என்றே விசாரணைக் குழு கண்டது. ஒரு சிறுமி பாம்பு கடித்தும், மற்றொருத்தி நீரில் மூழ்கியும் இறந்திருந்தனர். எனினும் குறை வேறிடத்தில் வெளிப்பட்டது. ஆராயப்பட்ட 9,543 இசைவுப் படிவங்களில் 2,763இல் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தனர். ஊசிக்குப்பின் நேரும் கோளாறுகளைத் திரட்டும் ஏற்பாடும் செம்மையாக இல்லை. இதனால் மக்களிடையே எழுந்த ஐயம் பல ஆண்டுகள் நீடித்தது. மருந்தைக் காட்டிலும் தாளே இங்குத் தீங்கு விளைத்தது எனலாம்.

அதே காலத்தில், உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உள்ளிட்ட இந்திய இடங்கள் ஒன்பதில், இரண்டு ஊசி போதுமா மூன்று வேண்டுமா என்று ஆராய்ந்து வந்தது. கம்மத்தின் எதிரொலியால் அங்கும் ஊசி நின்றது. அப்போது 4,950 பெண்கள் ஒரே ஊசியோடு நின்றுவிட்டனர். எவளுக்கு எத்தனை ஊசி, எந்த நாளில் என்பது எழுதப்பட்டிருந்தமையால் அவர்களைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்க முடிந்தது. ஓர் ஊசியே 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவில் தடுத்தது என 2021இல் முடிவு வெளியாயிற்று. 2022 டிசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் ஓர் ஊசி முறையையும் ஏற்றது. அம்முடிவுக்குத் துணைநின்ற சான்றுகளுள் இதுவும் ஒன்று. நின்றுபோன ஆராய்ச்சி உலகிற்கே பயன்பட்டது வியப்பே!

ஸ்வீடனில் தடுப்பூசிப் பதிவேட்டையும் புற்றுநோய்ப் பதிவேட்டையும் ஒரே குடிமகன் எண்ணால் இணைத்துப் பார்த்தனர். பதினேழு வயதுக்குமுன் ஊசி போட்டவர்களிடம் இந்நோய் நூற்றுக்கு 88 பங்கு குறைந்திருந்ததென 2020இல் அறியப்பட்டது.

சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரம் போன்ற எல்லைப்புற ஊர்களில் இவ்வகை இணைப்புக்குத் தனித் தடையொன்று உண்டு. தெலுங்கு வழக்கில் வீட்டுப் பெயர் முன்னே நிற்கும். தமிழ் வழக்கில் தந்தையின் முன்னெழுத்து நிற்கும். பள்ளிப் பதிவில் ஒருவிதமும், திருத்தணிப் பக்கம் மணமாகிச் சென்றபின் வேறுவிதமும் எழுதப்பட்டால் ஒரே பெண் இருவராகிவிடுவாள். ஆதலின் ஆசிரியர், பிறப்புச் சான்றில் உள்ளவாறே பெயர், பிறந்த நாள், தாயின் பெயர் ஆகியவற்றைச் சரிபார்த்துத் தருதல் நலம். சுகாதார ஊழியர் ஊசியின் பெயர், தொகுதி எண், போட்ட நாள் ஆகியவற்றை அன்றே பதிய வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதுவது உதவாது. மறுத்த பெற்றோரின் பெயரையும், காரணத்தையும் விடாமல் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். ஊசி அச்சத்தால் சிறுமியர் மயங்குவதுண்டு. எனவே அரைமணி நேரம் உட்கார வைத்துக் கவனித்து, மயக்கம் நேரின் அதனையும் மறைக்காமல் எழுதி மருத்துவ அதிகாரிக்கு அனுப்புதல் வேண்டும்.